ஆறுமுகம்

வாலிநோக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில்
ஊசி அறைச் சுவரில் ஓர் அட்டை.
ஆறு வட்டம், ஆறு மூஞ்சி.
சிரிப்பது பூஜ்யம், அழுவது பத்து,
நடுவில் உள்ளவை போகப் போகப் புளிக்கின்றன.
கூட்டிப் பெருக்கும் பாக்கியம் அதை
ஆறுமுகசாமி என்பாள்.
உப்புக்காற்றில் பசை விட்டு
கடைசி முகம் மட்டும் சுருண்டு தொங்கும்.
எத்தனை முறை ஒட்டினாலும்
அழுகிறதுதான் முதலில் கழன்றது.

நான் அரூர்க்காரி.
கடலைப் பார்த்ததே வேலைக்கு வந்த பிறகு.
பயிற்சியில் மனப்பாடம் செய்திருந்தேன்:
புருவம் இறங்கும், நடுவில் கூடும்,
கண் இடுங்கும், மூக்கோரம் மடியும்,
மேலுதடு ஏறும்.
அப்படிப் பார்த்தால்
இந்த ஊரே வலியில் இருந்தது.
உப்பளத்து வெள்ளையில் பகலெல்லாம் நின்றவர்களுக்கு
வெயில் செதுக்கிய அதே புருவம், அதே கண்.
இருமலுக்கு வந்தவரிடம்
"எங்க வலிக்குது, மறைக்காமச் சொல்லுங்க" என்று
மல்லுக்கு நின்றிருக்கிறேன்.
முதல் மாதம் வலி மாத்திரை
இருபதாம் தேதியே தீர்ந்தது.
மருந்தாளுநர் முறைத்தார்.
அந்த முறைப்பை மட்டும் சரியாகப் படித்தேன்.

பாசி எடுக்கப் போகும் பெண்கள்
நீர்க்கண்ணாடி அழுத்திய வளையத்தோடு வருவார்கள்.
விரல் முழுக்கப் பாறை கிழித்த வாய்கள்.
முகத்தில் வளையம் மட்டும்.
அட்டையைக் காட்டினேன்.
"இதுல பொம்பள மூஞ்சி எது சிஸ்டர்?" என்றாள் இருளாயி.
காதில் சீழ் பிடித்த ஒரு பயல்
சிரிக்கிற முகத்தைத் தொட்டான்,
அது அழகாக இருந்ததால்.

ஆனியில் ஒரு ராத்திரி
நம்புவேலைத் தூக்கி வந்தார்கள்,
பாதத்தில் திருக்கை முள்.
பெஞ்சில் உட்கார்ந்து
கணவாய் விலை இறங்கியதைப் பேசிக்கொண்டிருந்தார்.
நெற்றி, கழுவிக் கவிழ்த்த தட்டு.
அட்டையைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன்,
இரண்டு என்று எழுதினேன்.
பிரசவ அறையில் ஒருத்தி கத்திக்கொண்டிருந்தாள்.
கத்தலுக்குப் போனேன்.

பூமயில் பின்னாலேயே வந்து
என் முழங்கையைப் பிடித்தாள்.
"அவுக மூஞ்சியப் பாருங்க."
"பார்த்தேனேம்மா."
"பாக்கல. கண்ண இமைக்கவே இல்ல.
வெலையச் சொல்லுறாக, யாருகிட்டச் சொல்லுறோம்னே தெரியாம.
இந்தா, இந்த எடம்" என்று
தன் மூக்கின் வலதோரத்தில் விரல் வைத்தாள்.
"மோட்டார்ல கை மாட்டுன அன்னைக்கும்
இங்கதான் துடிச்சுச்சு."

டார்ச் அடித்துக் குனிந்தேன்.
ஒரு பட்டாணி அளவு தோல்.
கரையில் கிடக்கும் மீனின் செவுள்போல
என்று சொல்ல வந்தேன், அத்தனை பெரிதில்லை.
சட்டைக்குள் ஓர் எறும்பு நடப்பதுபோல.
மிச்ச முகம் முழுவதும்
அந்த இடத்தைக் காவல் காத்துக்கொண்டிருந்தது.

பிரசவத்துக்கு வைத்த வெந்நீரில் பாதியை
வாளியில் ஊற்றிக் காலை இறக்கினோம்,
தாங்குகிற சூட்டில்.
அரை மணி போனது.
கடுப்பு தணியத் தணிய
கணவாய்ப் பேச்சு நின்றது.
புருவம் இறங்கியது. கண் இடுங்கியது.
உதடு கோணிப் பல் தெரிய
நம்புவேல் அழுதார்,
வலி போன பிறகு, சத்தமாக,
அட்டையின் சுருண்ட முகம் அப்படியே.

அப்போதுதான் பூமயில்
சுவரில் சாய்ந்து கண்ணை மூடினாள்.

விடியலில் பதிவேடு.
இரண்டை அடித்துப் பத்து போட்டேன்.
நேரம், மருந்து, தண்ணீரின் சூடு.
"பார்த்தவர்" என்ற கட்டத்தில்
பழக்கத்தில் என் பெயரை எழுதிவிட்டு
பேனாவை மூடாமல் உட்கார்ந்திருந்தேன்.
பாக்கியம் துடைப்பத்தோடு வந்து
காலைத் தூக்கச் சொன்னாள்.